அடுக்களைப் படி தாண்டாத நாய்

என் நல்ல மனசால்தான் எங்கள் வீட்டுக்கு நாய்கள் வந்தன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அறுபதுகளில் பம்பாய் மாதுங்காவில் எங்கள் பில்டிங்குக்குப் பின்தெருவில் ஒரு பார்ஸி அம்மாள் இருந்தாள். முனிசிபாலிட்டியின் நாய்வண்டி வந்தால் போதும், நடுத்தெருவில் சண்டை போட்டு நாய்களை இறக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அடிபட்டவற்றைக் கீழ்த்தளத்தில் பின்வராந்தா உள்ள வீடாகப் பார்த்து விட்டுவிட்டுப் போவாள். தேறும்வரை நாம் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு அவளே நல்ல இடம் பார்த்துக் கொடுப்பாள். பால்காரனையும் காய்காரனையும் உண்டு இல்லை என்று ஆக்குகிற வாய் என்னுடையது. இரண்டே பேரிடம்தான் அது திறக்காது. ஒருத்தி அந்த அம்மாள். இன்னொருத்தி என் நாத்தனார்.

நாத்தனார் என் கணவரின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பியோடு வந்துவிட்டவள். சமையல் முழுக்க அவள் கையில்தான். மடி, ஆசாரம் என்றால் அப்படியொரு மடி! காலையில் குழாயில் தண்ணீர் வருகிற கொஞ்ச நேரத்துக்குள் குளித்துவிட வேண்டும். நாங்கள் கைவிட்டு அள்ளும் டிரம் தண்ணீர் அவளுக்கு ஆகாது. குளித்த பிறகு யாராவது மேலே பட்டுவிட்டால் மறுபடி குளிக்க வேண்டும். குழாய் நின்றுபோயிருந்தால் மறுநாள் காலைவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது.

நாய் விஷயத்தில் அவள் போட்டது ஒரே நிபந்தனை. "தேறினவுடனே போயிடணும். நான் இருக்கிற வரைக்கும் இந்த ஆத்துல நாய் நிரந்தரமா இருக்கப்படாது. கேட்டுதா?"

கேட்டது. வந்த நாய்களெல்லாம் தேறின, போயின. "இது வீடா, தர்ம சத்திரமா?" என்று என் கணவர் ஆபீஸுக்குக் கிளம்பும்போதெல்லாம் கிண்டல் செய்வார்.

அப்படித்தான் அந்தப் பழுப்புப் பெட்டையும் வந்தது. தாராவியில் சாக்கடை ஓரமாகப் பின்னங்கால் ஒடிந்து கிடந்ததாம். முதல் நாளே நொண்டிக்கொண்டு அடுக்களைப் படியில் கால் வைக்கப் போனது. உயரக் கொடியிலிருந்து மடித்துணி எடுக்க வைத்திருந்த மூங்கில் கோலால் நாத்தனார் தரையில் டொக்கென்று தட்டினாள். "தள்ளி நில்லு!" அது தள்ளி நின்றது. அதற்கப்புறம் அந்தப் படியை அது தாண்டவே இல்லை. நாங்கள் சாப்பிட்டு முடித்ததும், மேலே படாமல், உயரத்திலிருந்து வராந்தாவில் இலையில் தயிர்சாதத்தைப் போடுவாள். கோலைத் தட்டி, "ம், சாப்பிடு" என்பாள். அதன் பிறகுதான் நாய் வாய் வைக்கும். நான் போட்டாலும், உள்ளேயிருந்து அவள் குரல் வரும்வரை இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "அடேயப்பா, என் பெண்டாட்டியைவிட நன்னா சொன்ன பேச்சு கேக்கறதே!" என்பார் என் கணவர்.

கால் கூடிவிட்டது. செம்பூரிலிருந்து ஒரு சிந்திக்காரத் தம்பதி டாக்ஸி வைத்துக்கொண்டு வந்தார்கள். தோட்டம் வைத்த வீடு, தங்கமான மனிதர்கள். இதை மட்டும் நாமே வைத்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தொண்டைவரை வந்தது. யாரிடம் சொல்வது? நாத்தனார் உள்ளே கீரை மசித்துக்கொண்டிருந்தாள். "போயிடுத்தா? விட்டுது சனி" என்றாள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் குழாய் நின்று, என் கணவரும் ஆபீஸுக்குப் போன பிறகு, செம்பூர்க்காரர் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். "பெஹன்ஜி, குச் நஹீ காத்தீ." அங்கே போன நாளிலிருந்து நாய் ஒன்றுமே சாப்பிடவில்லையாம். ரொட்டி, பால், கறி எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டார்களாம். இன்றைக்குள் ஏதாவது உள்ளே போகாவிட்டால் பிழைக்காது என்று மிருக டாக்டர் சொல்லிவிட்டாராம்.

தயிர்சாதத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். அவர்கள் வீட்டு அடுக்களை வாசலில் நாய் படியைத் தாண்டாமல் கிடந்தது. என்னைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டியது. கொஞ்சினேன், கெஞ்சினேன், திட்டினேன். துடைப்பக் கட்டையால் தரையில் தட்டி நாத்தனார் மாதிரியே, "ம், சாப்பிடு" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். சோற்றைப் பார்த்தது. எனக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது. அந்த வீட்டு அம்மாள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதைத் தூக்கி டாக்ஸியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வராந்தாவில் கிடத்தியபோது நாத்தனார் அடுக்களைப் படியில் வந்து நின்றாள்.

"இங்க எதுக்குடி கொண்டு வந்தே?"

"வேற எங்கக்கா கொண்டு போவேன்? நீங்க ஒரு தரம் சொல்லுங்கோளேன்."

உள்ளே போய் இலையும் சாதமுமாக வந்தாள். உயரத்திலிருந்து போட்டாள். கோலைத் தட்டினாள். "ம், சாப்பிடு." நாய் தலையைத் தூக்கப் பார்த்தது. தாடை தரையில் இடித்தது. அவள் மறுபடி தட்டினாள். வால்நுனி அசைந்தது, அவ்வளவுதான்.

"அடப் பாவமே, என்னடி இப்படிக் கிடக்கறே?" என்றாள் நாயிடம். கோலைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"வேண்டாம்க்கா, குழாய் நின்னுடுத்து!"

"தெரியும். வாயை மூடு."

தரையில் உட்கார்ந்தாள். நாயின் தலையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டாள். சாதத்தைக் கூழாகப் பிசைந்து, விரலால் அதன் பல்லிடுக்கில் தள்ளினாள். "ம், சாப்பிடு. சாப்பிடும்மா." தொண்டை அசைந்தது. இன்னொரு வாய். அப்புறம் இன்னொன்று.

"வாயைப் பொளந்துண்டு நிக்காதே. ரசம் பொங்கறது, போய்ப் பாரு" என்றாள் என்னைப் பார்க்காமலே.

அன்று முழுக்க அவள் வராந்தாவிலேயே இருந்தாள். வெயில் காய்ந்தது. டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன், கையை ஆட்டி வேண்டாமென்றாள். டம்ளரோடு நின்றேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

சாயங்காலம் வந்த என் கணவர் அரண்டுபோய், "என்னக்கா இது?" என்றார்.

"செம்பூர்க்காராளுக்குச் சொல்லி அனுப்பு. இது இனிமே எங்கேயும் போகாது."

"அப்போ உன் மடி?"

"அது என் பாடு."

மறுநாள் காலை தண்ணீர் வந்ததும் குளித்துவிட்டு, கோலும் கையுமாக வந்தாள். நாய் தள்ளாடி எழுந்து வாலைக் குழைத்துக்கொண்டு, நேற்றுப் போலவே சாய்ந்துகொள்ளலாம் என்று அவளிடம் போனது. கோல் டொக்கென்று தரையில் விழுந்தது. "தள்ளி நில்லு!" நாய் அங்கேயே நின்று அவளைப் பார்த்தது. பிறகு பின்னால் நகர்ந்து படுத்துக்கொண்டது.

அது எங்களோடு இருந்த அத்தனை வருஷமும் இப்படியேதான். அவளை நாய் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஒரு தரம் தலையைத் தடவிக் கொடுங்கோளேன் அக்கா என்று தினமும் எனக்கு வாய்வரை வரும். ஒருநாளும் நான் சொல்லவில்லை.