நீக்கல் நோட்டீஸோடு கிளப் மாறினேன்

நான் கிளப் மாறியது துரோகம் என்று ராஜபாளையத்தில் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சொல்லட்டும். பூப்பந்து ஆடத் தெரிந்த எவனும் என் இடத்தில் இருந்திருந்தால் ஆறு வருடம் பொறுத்திருக்க மாட்டான். நான் பொறுத்தேன் என்பதுதான் இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

எண்பதுகளில் எங்கள் ஊரில் மில் சங்கு ஊதி முதல் ஷிப்ட் விட்டதும் பாதிப் பேர் டீக்கடைக்குப் போவார்கள், மீதிப் பேர் மைதானத்துக்கு. நான் ஒரு நூற்பாலையில் மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டர். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், வெளிச்சம் இருக்கும்வரை ஆட்டம். தரைக்குத் தண்ணீர் தெளிப்பதும் சுண்ணாம்புக் கோடு போடுவதும் உறுப்பினர்களின் வேலை. கோடு போடுவது மட்டும் எப்போதும் என் தலையில்தான் விழும். நான் போட்டால் நேராக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். அதில்கூட எனக்குக் குறை இல்லை.

குறை வேறு இடத்தில். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் ஐந்து பேரை எங்கள் கிளப்பில் ஆட்டம் பார்த்து எடுக்க மாட்டார்கள். உறுப்பினர் பதிவேட்டில் யார் பெயர் முதலில் இருக்கிறதோ, அந்த வரிசைப்படிதான் அணி. முதல் ஐந்து பேரில் ஒருவருக்கு முழங்கால் மடங்காது. இன்னொருவர், பந்து தன் பேட்டைத் தேடி வந்தால்தான் அடிப்பார். என் பெயர் ஆறாவது. சாயங்காலங்களில் இவர்களையெல்லாம் நெட்டுக்கு முன்னால் நின்று திணறடிப்பேன். போட்டி நாளில் ரிசர்வ் என்ற பெயரில் களத்துக்கு வெளியே உட்கார்ந்து துண்டும் எலுமிச்சம்பழமும் நீட்டுவேன். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட என்னை உள்ளே இறக்கவில்லை. முழங்கால்காரர் காய்ச்சலோடு வந்தும் ஆடினார்.

ஒருமுறை தளவாய்புரத்தில் அணி தோற்ற அன்று, வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றினேன். மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"வேர்வையே இல்லையே. அங்க வெளையாடத்தான் போறீகளா, வேடிக்க பாக்கப் போறீகளா?"

கேலியாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளப்பைப் பள்ளிக்கூட டிரில் வாத்தியார் ஒருவர் நடத்திவந்தார். பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் நின்றேன். இரண்டு கேம் ஆடவிட்டுப் பார்த்தார்.

"எங்க டீம்ல நெட்டுக்கு முன்னால நிக்க ஆளில்ல. நாளைக்கே வந்தாலும் சரி. ஆனா, ஒங்க கிளப்புல ஆட்சேபணை இல்லன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க. அது இல்லாம போட்டியில எறக்க முடியாது" என்றார்.

அந்த லெட்டரில்தான் வில்லங்கம். எங்கள் செயலாளர் பஞ்சு வியாபாரி. ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். போய்க் கேட்டேன்.

"ஏலே, நம்ம மண்ணுல ஆடிப் பழகிட்டு, வில்லிபுத்தூருக்குப் போயி நம்மளயே அடிக்கப் பாக்கியா?"

"அப்ப என்னைய டீம்ல போடுங்க அண்ணாச்சி. நான் ஏன் போறேன்?"

"வரிச வரும்போது வரும்."

எப்படி வரும்? எனக்கு முன்னால் இருந்த ஐவரும் முழங்காலைத் தவிர மற்றபடி திடகாத்திரமாகவே இருந்தார்கள். யாராவது போய்ச் சேரட்டும் என்று வேண்டிக்கொள்ள எனக்கு மனசில்லை.

இரண்டு மாதம் நடையாய் நடந்தேன். சீல் வீட்டில் இருக்கிறது என்பார், கமிட்டி கூடட்டும் என்பார். ஒருநாள் கேட்பதையே விட்டுவிட்டேன். தினமும் சாயங்காலம் பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் மைதானத்து வாசல் வழியாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்ப் பழகினேன். பஸ் ஸ்டாண்டுக்கு வேறு தெருவும் இருந்தது. வேண்டுமென்றேதான் அந்த வழியில் போனேன்.

அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. ஒரே வாரத்தில் மைதானத்து வாசல் தகரப் பலகையில் நோட்டீஸ் ஏறியது. என் பெயர், என் அப்பா பெயர். கட்டுப்பாட்டை மீறி வேறு கிளப்பில் ஆடியதால் நான் நீக்கப்பட்டேன், இன்றுமுதல் எனக்கும் கிளப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கீழே அவர் கையெழுத்து, வட்டச் சீல். நாலு பேர் பார்க்க என்னை அவமானப்படுத்த நினைத்தார். அவமானமாகத்தான் இருந்தது. மறுநாள் மில் கேண்டீனில் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலம் பலகை முன்னால் நின்று அதை மறுபடி முழுசாகப் படித்தேன். எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதம் கெஞ்சியும் தராததை, மனிதர் கோபத்தில் தன் கையாலேயே எழுதிச் சீலும் குத்தி வைத்திருக்கிறார்! மைதாப் பசையில் ஒட்டியிருந்தார்கள். குழாயடியில் துண்டை நனைத்து வந்து, ஒத்தி ஒத்தி ஓரம் கிழியாமல் உரித்தெடுத்தேன். உள்ளே ஆடிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். வெட்கப்பட்டு மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் "பாவம்" என்றுகூடச் சொன்னார்.

டிரில் வாத்தியார் அதை இரண்டு தடவை படித்தார்.

"லெட்டர்ல ஆட்சேபணை இல்லன்னு மட்டுந்தான் இருக்கும். இதுல ஆளே வேண்டாம்னுல்ல எழுதியிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

போட்டி விண்ணப்பத்தோடு அதைக் குண்டூசி குத்திச் சேர்த்தார்.

அடுத்த போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நடந்தது. இரண்டாவது சுற்றில் எதிரே என் பழைய கிளப். ஐவரில் ஒருவனாக நான் இறங்குவதைப் பார்த்ததும் அண்ணாச்சி நடுவர் மேசைக்கு ஓடினார்.

"இவன் எங்க ஆளு. நாங்க லெட்டரே குடுக்கல. இவன எறக்கக் கூடாது."

மேசையில் இருந்தவர் ஃபைலைப் புரட்டி நோட்டீஸை எடுத்து நீட்டினார்.

"இது ஒங்க கையெழுத்துதான?"

அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பலகையின் துரு ஒட்டியிருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"என்ன இருந்தாலும் நீ நம்ம ஊர்க்காரன்லே."

அந்த வார்த்தையை ஆறு வருடத்தில் ஒருமுறை சொல்லியிருந்தால் நான் அங்கேயே கிடந்திருப்பேன். கண் கலங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஊரு என் ஊருதான் அண்ணாச்சி. ஆட்டம் முடிஞ்சதும் அங்கதான் வாரேன். கிளப்பு மட்டுந்தான் ஒங்களுது."

சொல்லிவிட்டு, நெட்டுக்கு முன்னால் என் இடத்தில் போய் நின்றேன்.