மேற்கு மலையில் பெய்யாத மழை

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாயில் முத்திருளன் லஸ்கர். ஷட்டரை ஏற்றி இறக்கி, முறைவைத்துத் தண்ணீர் விடுவது வேலை. இருபத்தாறு வருசமாக ஊரார் வசவை வாங்கித் தோல் தடித்துப்போன மனுசர்.

தலைக்கு மேலே கறுத்தால் ஊர் சந்தோசப்படும். இவரோ, மேற்கே மலையில் பெய்ததா என்றுதான் கேட்பார். சிறுமலையில் மழை தப்பினால் வாடிப்பட்டிப் பக்கத்து ஓடைகள் ஒரே மாதத்தில் காய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். பெரியாறு அப்படியில்லை. ஆனி, ஆடியில் குறைந்த மழையை அணை இருப்பு கொஞ்ச நாள் மூடி மறைக்கும். கார்த்திகையில்தான் கடைமடைக்காரன் தலையில் இடி விழும். சொன்னால் யார் கேட்கிறார்கள்!

இந்த வருசம் ஆடி முடிந்தும் மலை ஏமாற்றிவிட்டது. ஆனால் ஆவணியில் மேலூரில் நாலு நாள் கொட்டித் தீர்த்தது. அக்கா அன்னக்கொடி சேலையைச் சொருகிக்கொண்டு ஓடிவந்தாள். புருசன் போன பிறகு அவளுக்கு இருப்பது கடைமடையில் ஒரே ஏக்கர்தான்.

“கம்மா பாதி பெருகிருச்சுடா தம்பி. நாத்துப் பாவிரவா?”

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. போன வருசம் இவர் பேச்சைக் கேட்டு அவள் நிலத்தைத் தரிசு போட, அக்கம்பக்கத்தார் மூட்டை மூட்டையாக அறுத்தார்கள். அதற்கு அக்கா ஏசிய ஏச்சு இன்னும் காதில் குடைந்துகொண்டிருந்தது.

“ஒன் இஷ்டம்க்கா” என்றார்.

அவள் பாவினாள், நட்டாள். ஐப்பசி மழையும் நாலு தூறலோடு நின்றுவிட்டது. கண்மாய் வற்றியபின் பயிர் கால்வாயை நம்பித்தான் நின்றது. கார்த்திகையில் பயிர் பொதி கட்டி, கதிர் தள்ள இருந்தபோது ஆபீசிலிருந்து போன்: அணையில் இருப்பு இல்லை, ஷட்டரை இறக்கு.

இவர் போனபோது அக்கா கரையில் நின்றாள். 

“ஒரு தண்ணி கேக்க வந்தியாக்கா? என் கையில ஒண்ணுமில்லக்கா.”

“தெரியும்டா. மடைய அடைக்கிறது ஒன் வேல, அதுக்கு ஒன்னைய ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சுக்கிட்டே அன்னைக்கு வாய அடைச்சுக்கிட்டு நின்ன பாரு, அதுதான்டா ஆறமாட்டேங்குது.”

முத்திருளன் ஷட்டர் கைப்பிடியைச் சுற்றினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.