தணிகாசலம் கழற்றிய மோதிரம்

என் அக்காள் பூவம்மாளின் கணவர் தணிகாசலம் லாரி டிரைவர். கும்மிடிப்பூண்டியிலிருந்து நெல்லூருக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போவார், திரும்பும்போது மிளகாய். நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

மாமாவின் வலது கையில் ஒரு செம்பு மோதிரம் இருக்கும். எங்கள் அப்பா பழவேற்காடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்த் திரும்பாத வருடம், அக்காள் அதைக் கங்கையம்மன் காலடியில் வைத்து எடுத்து அவருக்குப் போட்டுவிட்டாள். அப்பாவின் கையில் காவலுக்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்பது அவள் எண்ணம்.

1973 தை மாதம். எளாவூர் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. மாமாவுக்கு முன்னால் நின்ற லாரியின் டிரைவர் குப்புராஜ், மூட்டைகள் மேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு அங்கிருந்தே குதித்தார். எல்லா டிரைவர்களும் அப்படித்தான் குதிப்பார்கள். பார்த்துப் பார்த்து இறங்குபவனைக் கேலி செய்வார்கள். பக்கப் பலகையில் கயிறு மாட்டும் இரும்புக் கொக்கியில் குப்புராஜின் மோதிரம் சிக்கிக்கொண்டது. உடம்பு கீழே வந்தது. விரல் வரவில்லை. கொக்கியிலிருந்து அதை எடுத்துத் துண்டில் சுற்றியவர் எங்கள் மாமா.

அதற்குப் பிறகு, சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே அவர் கை நின்றுவிடும். தன் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அது சூடா இருந்திச்சி மச்சான்" என்றார் ஒருநாள்.

எது என்று நான் கேட்கவில்லை.

லாரியிலிருந்து இறங்கும் விதத்தையே மாற்றிக்கொண்டார். வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலால் துழாவி இடம் கண்டு இறங்குவார்.

"இன்னா நைனா, புள்ளத்தாச்சி மாதிரி எறங்குற?" என்றார் இன்னொரு டிரைவர்.

"சிரிச்சிக்கோ. மொதல்ல மோதிரத்த கயட்டி பாக்கெட்ல போட்டுக்கினு சிரி" என்றார் மாமா.

அவர் கழற்றியதை அக்காள் கண்டுபிடித்துவிட்டாள். விரலில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"யோவ், எங்கய்யா அது?"

"பாக்கெட்ல கீது."

"அம்மன் பாக்கெட்டுக்கா காவலு? போட்டுக்கினு போ. இல்லன்னா வண்டிய தொடாத."

"குப்புராஜும்தான் போட்டிருந்தான்."

"அது மாமனாரு போட்ட தங்கம். சாமி முன்னால வெச்சதா?" என்று சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "படிச்சவனாச்சே, நீ சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் இன்டர்வியூவுக்காக அவள் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு என் மணிக்கட்டில் இருந்தது. நம்பிக் கட்டிக்கொண்டேனா, அவளுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. சட்டைக் கையை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் நெல்லூர் லோடு. மாமா லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு அக்காளை அழைத்துவந்தார்.

"நான் சொன்னா நம்பமாட்ட. நீயே ஏறி எறங்கிப் பாரு."

அவள் பின்சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறினாள். கீழே மாமா கையை நீட்டித் தாங்க நின்றார். இறங்கும்போது அவளுடைய கண்ணாடி வளையல் கொக்கியில் மாட்டியது. கால் அதற்குள் கீழே இறங்கிவிட்டது. வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது.

புருஷன் புறப்படும் நேரத்தில் பெண்சாதியின் வளையல் உடைவதைவிடக் கெட்ட சகுனம் எங்கள் பக்கத்தில் கிடையாது. வேடிக்கை பார்த்த பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள்.

மாமாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. பாக்கெட்டிலிருந்து மோதிரத்தை எடுத்தார். "இன்னிக்கி மட்டும் போட்டுக்கினு போறேன், பூவு" என்றார். அதை விரல் நுனியில் வைத்தார், அதற்கு மேல் தள்ளவில்லை.

அக்காள் கொக்கியைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"கண்ணாடி, ஒடஞ்சிச்சி, கை தப்பிச்சிது" என்றாள் மெதுவாக. "செம்பு ஒடையாது."

மோதிரத்தை அவரிடமிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"கெளம்பு. எங்கயும் குதிக்காத."

அன்று அவள் ஒற்றைக் கையாலேயே அரிசி களைந்தாள், ஒற்றைக் கையாலேயே உலை வைத்தாள். மறுநாள் மாமா முழுக் கையோடு திரும்பி வந்த பிறகுதான் விரல்களைப் பிரித்தாள். செம்பின் பச்சை அவள் உள்ளங்கையில் படிந்திருந்தது.

இப்போதும் மாமாவின் லாரி புறப்பட்டால் மோதிரத்தோடு அந்தக் கை மூடிக்கொள்கிறது. கையைத் திற அக்கா என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.