குட்டிகளுக்காக லொறியை மறித்தோம்

சிட்னிக்கு வந்து மூன்றாவது வருடம். எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஐம்பது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். திங்கட்கிழமைகளில் முகம் வெயிலில் சிவந்து, சப்பாத்தில் மண் ஒட்டியபடி வருவாள். எங்கே போய் வருகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"குட்டி பார்க்க" என்றாள். "நீயும் வா. உனக்குப் படம் கீறத் தெரியுமே."

நுணுக்குக்காட்டியில் தெரிவதை நான் பென்சிலால் கீறி வைப்பதை அவள் கவனித்திருக்கிறாள்.

தெற்கே ஆறு மணி நேரம் கார் ஓடினால் மலைமேல் ஒரு புல்வெளி. அங்கே காட்டுக்குதிரைகள் மேய்ந்தன. பிரம்பி என்று அவற்றைச் சொல்வார்கள். யாரோ எந்தக் காலத்திலோ அவிழ்த்துவிட்ட குதிரைகளின் வம்சம். நாய்த்தீனிக்கு இறைச்சி விற்கும் ஆட்கள் அவற்றைப் பிடித்து லொறியில் ஏற்றிப் போவார்கள். என் தோழியும் இன்னும் நான்கு பேரும் தங்கள் விடுமுறை நாட்களைச் செலவழித்து அந்தக் கூட்டத்துக்குக் காவல் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், இன்னொருத்தி பள்ளிக்கூட ஆசிரியை. ஒருவரிடமும் சொந்தக் குதிரை இருக்கவில்லை.

ஒக்டோபரில் குட்டிகள் பிறந்தன. பிறந்து ஒரு மணி நேரம் ஆகாத குட்டி நான்கு காலையும் நான்கு பக்கம் பரப்பி எழுந்து, விழுந்து, மறுபடி எழுவதைப் புல்லில் குப்புறக் கிடந்து பார்த்தேன். பெரிய குதிரை ஏதாவது கிட்ட வந்தால் குட்டி கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும். 'நான் சின்னப்பிள்ளை, அடிக்காதே' என்பதுதான் அதற்கு அர்த்தமாம். நெற்றி வெள்ளையும் கால் வெள்ளையும் பார்த்து, எந்தக் குட்டி எந்தத் தாயினுடையது என்று கொப்பியில் பக்கம் பக்கமாகக் கீறினேன். அதற்கு ஒரு தேவை இருந்தது. குதிரை பிடிப்பவனுக்குக் காட்டிலாகா கொடுத்த அனுமதிப் பத்திரத்தில், குட்டியோடு நிற்கும் தாயைப் பிடிக்கக்கூடாது என்று ஒரு வரி உண்டு.

நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை, தோழி அவசரமாகச் சொன்னாள். குதிரை பிடிப்பவன் மரக்கம்பங்களால் பட்டி அடைத்து, குதிரைகள் நக்க வரட்டும் என்று உள்ளே உப்புக்கட்டி வைத்திருக்கிறானாம். ஞாயிறு காலையில் லொறி வரும். வரும் வழியில் உட்காரப் போகிறோம் என்றாள்.

வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? எங்கடை சிற்றிசன்ஷிப் பேப்பர் இன்னும் வரேல்லை. பொலிஸ் பிடிச்சா என்ன செய்யிறது? குதிரைக்காக ஆரும் மறியலுக்குப் போவினமே?"

"அப்ப நான் முதல் ஆளாப் போறன். சோறும் கறியும் இருக்கு, போட்டுச் சாப்பிடுங்கோ. நான் போயிட்டு வாறன்."

பயம் இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டிக்குள் ஒன்பது குதிரைகள் நின்றன. குட்டிகள் வெளியே. கீழ்க் கம்பத்துக்கு அடியால் அவற்றைத் துரத்தி விட்டிருந்தார்கள். தாயோடு குட்டி இல்லையென்றால் பத்திரத்தின் அந்த வரியும் செல்லாது, அதுதான் திட்டம். நான்கு குட்டிகள் கம்பத்தோரம் ஓடி ஓடிக் கத்தின.

தபால்காரர் தொலைபேசி தேடிக் காரில் போனார், காட்டிலாகா அதிகாரியை அழைக்க. மற்ற ஐந்து பேரும் பட்டிக்குப் போகும் ஒற்றை மண்பாதையில் வரிசையாக உட்கார்ந்தோம். நான் கணவரின் பழைய காற்சட்டை போட்டிருந்தேன். லொறி வந்து, மூக்கின் சூடு என் முகத்தில் படும் தூரத்தில் நின்றது. குதிரை பிடிப்பவன் இறங்கி நேரே என்னிடம் வந்தான்.

"இந்தக் குதிரைகளும் இந்த நாட்டுடையவை அல்ல, நீயும் இந்த நாட்டுக்காரி அல்ல. உனக்கு இங்கே என்ன வேலை?"

எங்கள் ஊர்ப்பக்கத்து நெடுந்தீவிலும் காட்டுக்குதிரைகள் உண்டு. அந்நியர் கப்பலில் கொண்டுவந்தவை. கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. இன்று அவை நெடுந்தீவுக் குதிரைகள்தான். யாரும் அவற்றிடம் விசா கேட்பதில்லை.

"குதிரை கப்பலில் வந்தது" என்றேன். "உன் பாட்டன் கப்பலில் வந்தான். நான் விமானத்தில் வந்தேன். யார் முதலில் எழும்புவது என்று நீயே சொல்."

ஆசிரியை சத்தமாகச் சிரித்தாள். அவன் லொறிக்குள் ஏறி ஹோர்னை அமுக்கிப் பிடித்தான். நாங்கள் அசையவில்லை.

பதினொரு மணி தாண்டி அதிகாரி வந்தார். அலுத்துப் போன முகம்.

"அந்தக் குட்டிகள் வேறு கூட்டத்தினுடையவை" என்றான் குதிரை பிடிப்பவன்.

நான் எழுந்து கொப்பியை விரித்தேன். அதிகாரி இரண்டு பக்கம் புரட்டினார். "படத்தை யாரும் கீறலாம், அம்மணி."

"சரி. கேற்றைத் திறவுங்கள். எது எதனிடம் போகிறதென்று பார்ப்போம். நெற்றியில் அரைப்பிறை உள்ள குட்டியிடம் இந்தச் செம்பழுப்புக் குதிரைதான் போகும். பக்கம் பன்னிரண்டு."

அவர் பன்னிரண்டாம் பக்கத்தை விரித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு தானே போய்க் கேற்றைத் திறந்தார்.

செம்பழுப்புக் குதிரை எங்கள் எவரையும் பார்க்கவில்லை. பால் கட்டிக் கனத்த மடியோடு நேராக அரைப்பிறைக் குட்டியிடம் போய் நின்றது. குட்டி முட்டி முட்டிக் குடித்தது. மற்ற மூன்று தாய்களும் நான் கீறிவைத்தபடியே போயின. அதிகாரி கொப்பியையும் குதிரைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேற்றைச் சாத்தினார். உப்புக்கட்டியை விடாமல் உள்ளே மிஞ்சியவை ஐந்து. குட்டியில்லாத அவற்றைக் காக்கப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை; அதிகாரி சொல்ல நாங்கள் பாதையை விட்டு எழும்பினோம். லொறி அவற்றை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. தோழி அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

அதிகாரி எங்கள் பெயர்களைக் குறித்துக்கொண்டார். என் பெயரைப் பாதி எழுதிவிட்டுப் பேனையை நிறுத்தினார். "இன்னும் ஏழு எழுத்து இருக்கிறது, எழுதுங்கள்" என்றேன். எழுதினார்.

கணவர் இரண்டு கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை. தபாற்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பொலிஸ் கடிதம் கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். பொலிஸ் வரவில்லை. குடியுரிமைக் கடிதம் மாசியில் வந்தது. அதைப் படித்து முடித்த கணவர், அரைப்பிறைக் குட்டி இப்போது எவ்வளவு உயரம் என்று கேட்டார்.

அடுத்த வசந்தத்தில் அதே ஆள் வேறொரு சரிவில் பட்டி அடைத்தான். நாங்களும் போனோம். அந்த முறை காரை ஓட்டியவர் என் கணவர். வெறும் மண்ணில் இருக்க ஏலாது என்று தனக்கும் சேர்த்து ஏழு மடக்குக் கதிரைகளையும் ஏற்றி வந்திருந்தார்.