ஆட்டிடம் சொன்ன சேதி

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் தறிக்காரத் தெருவில் அன்றைக்கு அதுவே பெரிய படிப்பு. அதனால் எண்பதுகளின் நடுவில் தெருக் கூட்டம் போட்ட ஒரு தீர்மானத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று இப்போது சொல்கிறேன். உண்மையில் நானேதான் பேனாவோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் இதுதான். எதிர்வீட்டு நெசவாளி, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் திண்டுக்கல்லில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார். வேறு ஒரு தப்பும் செய்யவில்லை.

“இன்னைக்கு அவன் போறான். நாளைக்கு நம்ம பிள்ளைக போகும்” என்றார் தெருத் தலைவர். எல்லாரும் தலையாட்டினார்கள். என் தலை கொஞ்சம் வேகமாகவே ஆடியது.

அந்த வீட்டாரோடு பேசக் கூடாது, தெருக்குழாயில் அவர்களைத் தண்ணீர் பிடிக்க விடக் கூடாது, அவர்கள் பாவுக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது, மீறினால் மீறியவருக்கும் அதே கதி. ‘தெருவின் ஒற்றுமையை முன்னிட்டு’ என்று தலைப்பு எழுதி, சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன். ஒரு கோடு போதும் என்று யாரும் சொல்லவில்லை.

பாவு என்பது உங்களுக்குத் தெரியாது. நெய்வதற்கு முன் நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, காய்வதற்குள் இழைகளைப் பிரித்துவிட வேண்டும். ஆறேழு பேர் இல்லாமல் முடியாது. அதனால் ஒருவர் பாவுக்கு மற்றவர் போவது வழக்கம். என் பாவுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர் அந்த எதிர்வீட்டுக்காரர்தான்.

அவர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்தார். “பேசாம இருக்கிறது ஒரு குத்தமாய்யா? எந்தச் சட்டத்துல இருக்கு?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

ஒரு மாதம் கழித்து, வீட்டார் மூன்று பேரும் தாங்களே பாவு விரித்தார்கள். அவர் குனிந்து கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். மேற்கே வானம் இருண்டு வந்ததை அவர் பார்க்கவில்லை. வாசலில் ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். பேசத்தான் கூடாதே. ஆட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

“ஏலே, மேக்க பாத்தியா? செம்பட்டிப் பக்கம் கருத்துக்கிட்டு வருது. செத்த நேரத்துல கொட்டப் போகுது.”

கட்டுப்பாடும் மீறவில்லை, சேதியும் சொல்லியாயிற்று. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஆட்டிடமே பேசினார். “சொன்னதுக்குச் சந்தோசம் அப்பு. ஒன் மொதலாளிய ஒரு கை பிடிக்கச் சொல்லு. நாங்க மூணு பேருதேன் இருக்கோம்.”

பத்து எட்டு வைக்கிற தூரம்தான். நான் ஆட்டை அவிழ்த்து உள்ளே கொண்டுபோய்க் கட்டினேன். ஆடு நனைந்துவிடக் கூடாது பாருங்கள்.

மழை கொட்டியது. கஞ்சி கரைந்து ஓட, இழைகள் சேற்றில் விழுந்து ஒன்றோடொன்று அப்பிக்கொண்டன. அந்த வீட்டின் ஒரு மாதச் சோறு அது.

யாரோ என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலமே என் வீட்டு வாசலில் கூட்டம்.

“ஆட்டுகிட்டதேன் பேசுனேன்” என்றேன்.

“ஆடு பதில் சொல்லுச்சாக்கும்?” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தலைவர் சிரிக்கவில்லை. “அவனுக்கும் ஒனக்கும் என்னய்யா?”

“எனக்கும் அவருக்கும் ஒரு ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல” என்றேன். தலைவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “அவன் யாரோ, நான் யாரோ” என்று திருத்திக்கொண்டேன். எதிர்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. குற்றமில்லை என்று என்னை விட்டுவிட்டார்கள்.

நாலாம் நாள் அவர்கள் தறியைப் பிரித்து மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். எனக்குக் காய்ச்சல் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிப் படுத்திருந்தேன். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், கழுத்திலும் வைத்துப் பார்த்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மூன்று பேரால் தூக்க முடியாத தறிமரத்தை நாலு பேராகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.