இருபது நிமிஷப் பாட்டு

எனக்கு எழுபத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். இப்போது குவைத்தில், ஃபர்வானியாவில் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். அன்றைக்குப் பேத்தி நிலா, சி.டி. கேட்டுப் பழகின பாட்டைக் கீபோர்டில் வாசித்தாள். தாளம் மாறி மாறிப் போனது.

"நீளப் பாட்டு வேண்டாம்னு எல்லாரும் விட்டப்போ, எண்பதுகள்ல இங்கிலாந்துப் பசங்க திரும்ப எடுத்த ராக் இது, ஆச்சி" என்றாள்.

"இருபது நிமிஷமா? தமிழ்ச் சங்க விழாவுல வாசிக்க அஞ்சு நிமிஷம் போதும், கலாஸ்" என்று அரபியில் பேச்சை முடித்தான் மகன். பிள்ளை முகம் வாடிப்போச்சு.

என் சின்ன வயதில், ஊர்த் திருவிழாவில், எங்கள் தெருமுனையில் நாயனக்காரர் ராகத்தை விரிக்கும்போது, அப்பா தோளில் சாமியைச் சுமந்தபடி நிற்பார். கற்பூரமும் வியர்வையும் சேர்ந்து மணக்கும். யாராவது நகரச் சொன்னால், "அவர் முடிக்கட்டும்யா" என்பார்.

"உன் தாத்தா சாமியைச் சுமந்துக்கிட்டே கேட்டாரு. நீ சோபாவுல உட்கார்ந்து கேக்க மாட்டியாடா?" என்றேன்.

உட்கார்ந்து கடைசிவரை கேட்டான். விழாவிலும் முழுசாக வாசிக்கச் சொல்லிவிட்டான்.

நிலா, உனக்காகத்தான் இதைத் தமிழில் எழுதி வைத்தேன்; எழுத்துக் கூட்டியாவது எனக்கு வாசித்துக் காட்டு, கண்ணு.