எஞ்சினில் நான் வாசித்த எட்டு

அது மூன்றா, எட்டா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மகன் நாணயத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து இலக்கத்தை எடுத்தபோது, எழுபதுகளின் கடைசியில் எங்கள் கல்முனை வீட்டில் நின்ற வாப்பாவின் ஸ்போர்ட்ஸ் கார் நினைவுக்கு வந்தது. எஞ்சினில் பொறித்த இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்தால்தான் அது காரின் சொந்த எஞ்சின், அப்போதுதான் எடுப்பேன் என்றார் வாங்க வந்தவர். வாப்பா மண்ணெண்ணெயால் துருவைத் துடைத்தார். கடைசி இலக்கம் மட்டும் தெளியவில்லை.

"புள்ளட கண்ணு பொய் செல்லாது. நீங்க வாசிங்க மகள்," என்றார் வாங்க வந்தவர் என்னிடம்.

புத்தகத்தில் எட்டு இருந்ததை முன்பே பார்த்திருந்தேன்.

"எட்டு."

"கேட்டீங்களா காக்கா, ரெண்டும் ஒண்டுதான்!" வாப்பா அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தார். கார் போனது.

நான் வாசித்தது இரும்பையா, புத்தகத்தையா? நேர்மையான விற்பனை என்று வாப்பா இன்றும் பெருமையாகக் கதைக்கிறார். இந்த வயதில் அவரிடம் இதைச் சொல்லலாமா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?